எண்ணூர்ப் பனியில் இரண்டு குதிரைகள்

வடசென்னைக்கும் குளிர்காலம் உண்டு. அடையாறிலும் மயிலாப்பூரிலும் இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. 1895 டிசம்பரில் ஒரு நாள், 1905 ஜனவரியில் ஒரு நாள். கணக்கு அவ்வளவுதான். ஆனால் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் மார்கழி விடியலில் வெளியே வந்து நின்றவர்களுக்குக் கணக்கில் வராத குளிர் ஒன்று தெரியும்.

அந்தப் பகுதியின் அமைப்பு அப்படி. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொசஸ்தலை ஆற்றின் கழிமுகமும் சதுப்பும் உப்பளங்களும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிக் கிடக்கும் நிலம், மேகம் விலகிய மார்கழி இரவுகளில் சூட்டை வேகமாக இழந்துவிடும். காற்று அசையாத நாளில் கால்வாயின் மேலிருந்து பனி கிளம்பி, விடிவதற்குள் தெருவரை வந்துவிடும். தொழிற்சாலைப் புகையும் மேலே போக வழியில்லாமல் அதனோடு கலந்துகொள்ளும். "வெளிய போவாத, ஜல்பு புடிச்சிக்கும்" என்று அம்மா காதைச் சுற்றி மப்ளரைக் கட்டுவாள். அந்தப் பனிக்கு ஒரு வாசனை இருந்தது. உப்பு, கருவாடு, நிலக்கரிப் புகை, ஈரச் சாணம் எல்லாம் சேர்ந்த வாசனை. இந்த வயதிலும் எங்காவது அதில் பாதி மூக்கில் பட்டால் எனக்குக் குதிரை ஞாபகம் வருகிறது.

எழுபதுகளின் கடைசி அது. கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். அதே சந்தின் கோடியில் என் சிநேகிதன் வீடு. வீடு என்பதைவிட லாயம் என்று சொல்வதுதான் பொருத்தம். முன்பக்கம் ஓட்டுத் தாழ்வாரத்தில் குதிரை, அதன் பின்னால் ஓர் அறையில் அவர்கள் குடும்பம். அவன் அப்பா ஜட்கா ஓட்டினார். அவரை அவன் "நைனா" என்பான், நானும் நைனா என்றே கூப்பிடுவேன். ராயபுரம் ஸ்டேஷன் வாசல்தான் அவருடைய ஸ்டாண்ட்.

அந்த ஸ்டேஷனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1856 ஜூன் 28-ஆம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு அதைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் அங்கிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். முகப்பில் வரிசையாக உயரமான தூண்கள். அந்தத் தூண்களின் நிழலில் ரயிலுக்காகக் குதிரைகள் காத்திருந்தன. எங்கள் காலத்தில் பயணிகள் வண்டிகள் குறைந்து, சரக்கு வண்டிகள்தான் அதிகம். ஆனாலும் ஜட்காக்காரர்கள் பழக்கத்தை விடாமல் அங்கேதான் நின்றார்கள்.

ஜட்காவில் ஏறியவர்கள் இப்போது எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டே சக்கரம். மேலே வளைந்த கூடு, பின்பக்கம் ஏறுவதற்கு ஓர் இரும்புப் படி. உள்ளே ஆசனம் கிடையாது. வைக்கோலைப் பரப்பி அதன் மேல் பாய் விரித்திருக்கும். காலை மடக்கிக் குந்த வேண்டும். இருபுறமும் மண்ணெண்ணெய் விளக்கு. ஜட்காவின் சூட்சுமம் முழுவதும் பாரத்தில்தான் இருக்கிறது. முன்னால் எடை கூடினால் ஏர்க்கால் குதிரையின் முதுகில் அழுந்தும். பின்னால் கூடினால் வண்டி மேலே தூக்கி, வயிற்றுப் பட்டை குதிரையை அந்தரத்தில் இழுக்கும். ஏறியவர்கள் உட்கார்ந்ததும் நைனா இறங்கி, ஏர்க்காலுக்கும் முதுகுக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார். "பெரிம்மா, ஒரு சாண் பின்னால நவுந்து குந்து. வாத்தியாரே, நீ முன்னால வா." விரல் லேசாகப் போய்வந்தால்தான் சவுக்கை எடுப்பார். சவுக்கு சக்கரத்தின் ஆரத்தில் படும், 'கடகட'வென்று சத்தம் வரும். குதிரையின் மேல் பட்டு நான் பார்த்ததில்லை.

'என் அண்ணன்' படத்தில் எம்.ஜி.ஆர். குதிரை வண்டி ஓட்டியதிலிருந்து எங்கள் பக்கத்து ஜட்காக்காரர்களுக்குத் தனி மிடுக்கு. தண்டையார்ப்பேட்டை மகாராணி, அகஸ்தியா தியேட்டர்களில் அந்தப் படம் மறுபடி எப்போது வந்தாலும் ஸ்டாண்டே காலியாகிவிடும். நைனா மட்டும் போகமாட்டார். கொள்ளு ஊறவைக்கிற நேரம் அது.

அவருடைய குதிரையின் பெயர் சிட்டு. செம்பழுப்பு நிறப் பெட்டை, மட்டக்குதிரைதான். நெற்றியில் ஒரு வெள்ளைக் கீற்று. பக்கத்து லாயத்தில் இன்னொருவருடைய குதிரை கர்ணன். வயதானது, பொறுமைசாலி. தார் ரோட்டில் நாள் முழுக்க ஓடும் குதிரைக்கு முன்னங்கால் கணுவில் வீக்கம் வரும். அதற்கு நைனாவிடம் இருந்த வைத்தியம் கடல் தண்ணீர். அரை மணி நேரம் முழங்கால் ஆழத்தில் நிறுத்தினால் வீக்கம் வடியும், குளம்பும் இறுகும் என்பார். குளிர்ந்த உப்புத் தண்ணீரில் நிற்பது பந்தயக் குதிரைகளுக்கும் இன்று செய்யப்படும் சிகிச்சை என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. தகப்பன் செய்ததைப் பார்த்துச் செய்தார்.

கடல் எங்கள் சந்திலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அங்கே குதிரையை இறக்க மணல் இல்லை. கரை நெடுகக் கருங்கல் கொட்டிக் கிடந்தது. இந்தக் கல்லுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. சென்னையின் செயற்கைத் துறைமுகத்துக்கு 1875-இல் அடிக்கல் நாட்டியவர் வேல்ஸ் இளவரசர். 1881 புயல் அதைச் சிதைத்தது. மறுபடி கட்டி, துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் வாசலை வடகிழக்குக்கு மாற்றினார்கள். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்கிலேயே நின்றுவிட்டது. மெரினா அகன்றது அப்படித்தான். வடக்கே போகவேண்டிய மணல் வராததால் ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருக்கள் போயின, குப்பங்கள் இடம் மாறின. மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிற யாருக்கும் தன் காலடியில் இருப்பது வடசென்னைக்குப் போகவேண்டிய மணல் என்று தோன்றுவதில்லை. யாராவது சொல்லவேண்டும் என்பதால் சொல்கிறேன்.

ஆகவே, சிட்டுவைக் கடலில் நிறுத்த வடக்கே போகவேண்டியிருந்தது. அந்த வேலை எங்கள் தலையில் விழுந்தது. அரைப் பரீட்சை லீவில், சவாரி குறைவான நாள்களில், சிட்டுவும் கர்ணனும் நாங்களுமாக விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்புவோம். சேணம் எல்லாம் கிடையாது. கோணியை நாலாக மடித்து முதுகில் போட்டு, வயிற்றைச் சுற்றி ஒரு கயிறு. கடிவாளம், லகான், அவ்வளவுதான். சிட்டுவின் மேல் என் சிநேகிதன், கர்ணனின் மேல் நான். குதிரையின் உடம்புச் சூடு கோணி வழியாகத் தொடையில் ஏறும். மேலே பனி, கீழே சூடு. மூச்சு விட்டால் குதிரைக்கும் எங்களுக்கும் புகை வரும்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலை அந்த நேரத்தில் தூங்காது. மாதாகோயில் மணி ஒரு பக்கம் அடிக்கும். படகோட்டிகள் தங்கள் கூலியில் பங்கு போட்டுக் கட்டிய புனித ராயப்பர் கோயில் அது. ராயபுரத்துக்குப் பெயர் கொடுத்தவரும் அந்த ராயப்பர்தான் என்பார்கள். காசிமேட்டுக்குப் போகும் மீன்காரப் பெண்கள் கூடைகளோடு கூட்டமாக நடப்பார்கள். ஐஸ் கம்பெனி வாசலில் பாளம் பாளமாக ஐஸ் கட்டிகளை இறக்கி, உளிபோன்ற கம்பியால் குத்தி உடைப்பார்கள். சிதறிய தூள் ரோட்டோரம் வெள்ளையாகக் குவிந்திருக்கும். சிட்டு அந்த இடத்தில் நின்று நாக்கை நீட்டாமல் நகராது.

டோல்கேட் தாண்டியதும் கம்பெனிகளின் ராஜ்ஜியம். 1946-இல் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் எம்.ஆர்.எஃப்., 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியோடு சேர்ந்து மெட்ராஸ் மோட்டார்ஸ் தொடங்கிய என்ஃபீல்டு, தீப்பெட்டிக்கு விம்கோ, எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி லேலண்ட் ஆன லாரிக் கம்பெனி. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சங்கு. பனி இறங்கிய நாளில் கண்ணுக்கு வேலையில்லை. காதால்தான் வழி. 'இந்தச் சங்கு விம்கோ, அப்போ தேரடி தாண்டிட்டோம்' என்று கணக்குப் போடுவோம். ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் ஹேண்டில்பாரில் தூக்குப் பாத்திரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு சைக்கிளில் வரிசையாக வருவார்கள். முதலில் பெல் சத்தம், பிறகு டைனமோ வெளிச்சம், கடைசியாக முகம். எங்களைத் தாண்டும்போது, "இன்னா தம்பி, எந்தக் கோட்டைக்குப் படையெடுப்பு?" என்று யாராவது கேட்டுவிட்டுப் போவார்கள்.

குதிரைகளுக்குப் பிடிக்காதது லேலண்ட் சேசிஸ். பாடி கட்டாத வெறும் அடிச்சட்டமும் இன்ஜினும் நாலைந்தாக வரிசை கட்டி வெளியூர் போகும். டிரைவர் திறந்த வெளியில் ஒரு பலகைமேல் உட்கார்ந்திருப்பார். தலையைச் சுற்றித் துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி, மேலே கம்பளி. அந்தக் குளிரில் எந்த மறைப்பும் இல்லாமல் எத்தனையோ ஊர்களுக்கு அப்படியே ஓட்டிப் போனவர்கள் அவர்கள். குதிரையைப் பார்த்ததும் அவர்களாகவே ஹெட்லைட்டை அணைத்து வேகத்தைக் குறைப்பார்கள். அந்தப் பண்பு அன்றைய ரோட்டில் இருந்தது.

தேரடியில் நிறுத்தாமல் போனதில்லை. கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை கேட்கும். தியாகராஜரும் வடிவுடையம்மனும் இருக்கிற அந்தக் கோயிலுக்கு ஜட்காக்காரர்கள் எல்லோரும் கடன்பட்டவர்கள். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் மூலவர் ஆதிபுரீஸ்வரரின் கவசத்தை எடுப்பார்கள். அப்போது வண்ணாரப்பேட்டையிலிருந்தும் சௌகார்பேட்டையிலிருந்தும் வந்துபோகிற கூட்டத்துக்குக் குதிரை போதாது. வருஷத்துக் கொள்ளுக் கடனை நைனா அந்த மூன்று நாளில்தான் அடைப்பார். தெற்கு மாட வீதி மூலையில் டீ குடித்து, குதிரைகளுக்கு வெல்லம் ஒரு துண்டு கொடுத்துவிட்டுக் கிளம்புவோம். கிழக்கே சமுத்திரக் கரையில் பட்டினத்தார் சமாதி. அங்கேயும் ஒரு கும்பிடு.

எர்ணாவூர் பக்கம் ரோட்டை விட்டுக் கடலோரமாக இறங்கிவிடுவோம். அங்கே மணல் இருந்தது. குப்பங்களின் வழியாக, வலை காயும் இடங்களின் ஊடே ஒரு தடம் வடக்கே போகும். அந்தத் தடத்தில் ஒரு நாள் நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

அன்று பனி அதற்கு முன் பார்த்திராத அளவு. கர்ணனின் காது எனக்குத் தெரியவில்லை. வலப்பக்கம் அலைச் சத்தம், இடப்பக்கம் எங்கோ ரயில். முன்னால் போன சிட்டுவின் குளம்புச் சத்தமும் மணலில் கேட்கவில்லை. நான் பயந்து லகானை இழுத்துப் பிடித்தேன். கர்ணன் நின்றது. குதிகாலால் தட்டினேன். அசையவில்லை. தலையை உதறி, காலை மாற்றிமாற்றி வைத்தது. பனிக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"லகான வுடுடா."

"வழி தெரியலடா."

"ஒனக்குத் தெரியல. அதுக்குத் தெரியும். வுட்டுட்டு சும்மா குந்து."

விட்டேன். கர்ணன் கழுத்தைக் கீழே இறக்கி, மூக்கு மணலில் படுகிற அளவுக்குத் தாழ்த்தி, நாலைந்து தடவை ஊதி முகர்ந்தது. பிறகு கடலை விட்டு இடப்பக்கமாக ஒதுங்கி, பெரிய வளைவாகச் சுற்றிப் போய் மறுபடி தடத்தில் சேர்ந்தது. வெயில் ஏறித் திரும்பி வரும்போதுதான் பார்த்தோம். இரவு ஓதத்தில் கடல் அந்த இடத்தில் தடத்தை ஆள் உயரத்துக்கு அறுத்துக்கொண்டு போயிருந்தது. நேரே போயிருந்தால் குதிரையோடு உள்ளே விழுந்திருப்பேன். குதிரையின் கண் மனிதக் கண்ணைவிடப் பெரியது, தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்று முழுவதையும் பார்க்கும், மங்கல் வெளிச்சத்தில் நம்மைவிட நன்றாகப் பார்க்கும். இதெல்லாம் விஞ்ஞானம். அதை நம்பி லகானை விடுவது வேறு. அது சிநேகிதனுக்கு அவன் நைனா கொடுத்த சொத்து.

முகத்துவாரத்தை அடையும்போது விடிந்திருக்கும். எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் முதலில் மேல்பாதி மட்டும் தெரியும். 1970-இல் ஓடத் தொடங்கிய நிலையம் அது. கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் இருளர் பெண்கள் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஓலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள், கை இரண்டும் சேற்றில். மேற்கே உப்பளங்கள். மார்கழியில் பாத்திகளில் மழைத்தண்ணீர்தான் நிற்கும், உப்பு விளைய மாசி, பங்குனி ஆகவேண்டும். போன வருஷத்து உப்பை வரப்பின்மேல் அம்பாரமாகக் குவித்துப் பனையோலை வேய்ந்திருப்பார்கள். ஓலை சரிந்த இடத்தில் வெள்ளை பளீரென்று தெரியும். வெள்ளைக்காரர்கள் காலத்தில் எண்ணூர் ஓய்வுக்கு வந்து தங்குகிற இடம். 1806-இல் வெட்டிய கால்வாயில் படகேறியும் குதிரையேறியும் வந்திருக்கிறார்கள். அந்தக் காலைகளில் அதற்குக் காரணம் கேட்கத் தோன்றியதில்லை.

குதிரைகளைத் தண்ணீரில் நிறுத்துவது சுலபம். பிறகுதான் வேலை. ஈர மணலும் கழிமுகத்துக் களியும் குளம்புக்குள் ஏறிக் கட்டிக்கொள்ளும். லாடத்தின் வளையத்துக்குள் கல்லாக இறுகிவிடும். அப்படியே தார் ரோட்டில் ஏற்றினால் வழுக்கும், கணு பிசகும். அவன் சிட்டுவின் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்து, வளைந்த இரும்புக் கொக்கியால் களியைக் குடைந்து எடுப்பான். குளம்பின் நடுவே 'வி' வடிவத்தில் மிருதுவாக ஒரு சதை இருக்கும். கொக்கி அதில் படக்கூடாது, குதிகாலிலிருந்து நுனி நோக்கித்தான் இழுக்கவேண்டும். பிறகு இடுப்பில் முடிந்துவைத்த டப்பாவைத் திறந்து, உள்ளங்கையில் விளக்கெண்ணெய் எடுத்துக் குளம்படி முழுக்கத் தடவுவான். எண்ணெய் தடவிய குளம்பில் திரும்பும் வழியில் களி ஒட்டாது. நாலு கால், இரண்டு குதிரை. நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

எண்பதுகள் பிறந்ததும் ஜட்காவின் காலம் முடிந்தது. ஆட்டோ வந்தது, பல்லவன் பஸ் பெருகியது, கொள்ளு விலை ஏறியது. சௌகார்பேட்டைக் கல்யாண ஊர்வலங்களுக்கு வெள்ளைக் குதிரைதான் வேண்டும், சிட்டு செம்பழுப்பு. நைனா அவளை ஆம்பூர்க்காரர் ஒருவருக்கு விற்றார். அந்தப் பக்கம் ஜட்கா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. லாரியில் ஏற மறுத்தவளை அவன்தான் கண்ணைத் துணியால் கட்டி ஏற்றினான். கர்ணன் அதற்கு முந்தின மழையிலேயே போய்விட்டிருந்தது.

என் சிநேகிதன் படிப்பு ஏறாதவன் என்று பள்ளிக்கூடத்தில் முத்திரை குத்தப்பட்டவன். ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். குதிரையும் கோவேறு கழுதையும் பராமரிக்கும் ஆர்.வி.சி. பிரிவில் லாடம் அடிப்பவனாகச் சேர்த்துக்கொண்டார்கள். மீரட்டில் பயிற்சி, பிறகு லடாக். கடிதங்களில் '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் எண் மட்டும்தான் விலாசம்.

லீவில் வந்தபோது எங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்து அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஜோஜிலா கணவாய மூடிட்டா அப்பால மாசக்கணக்குல ரோடு கெடையாது. சாமானெல்லாம் குதிர, கழுதை மேலதான். லடாக்கி ஆளு ஒருத்தன், எனக்கு தோஸ்து. அவனும் நானும் ரெண்டு குதிரல போறோம். ஜன்ஸ்கார் குதிர, நம்ம சிட்டு ஒசரந்தான் இருக்கும், ஆனா ஒடம்பு பூரா கம்பளி மாரி முடி. மைனஸ் முப்பதுக்குக் கூட அசையாது. பனி எவ்ளோ ஆழம்னு நெனக்கிற? தடத்த வுட்டு ஒரு அடி தள்ளி கால வெச்சா குதிர வயிறு வரைக்கும் உள்ள போவும். தடத்து மேல மட்டும் முன்ன போன மிருகங்க மிதிச்சி கெட்டியா இருக்கும். ஆனா புதுப்பனி மேல மூடிடும், எது தடம், எது பள்ளம்னு ஆளுக்குத் தெரியாது. எல்லாம் ஒரே வெள்ள."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? லகான வுட்டுட்டேன். அந்த தோஸ்து என்ன ஒரு மாரி பாத்தான். எங்க கத்துக்கினேன்னு இந்தில கேட்டான். எண்ணூர்ல, மெட்ராஸ்ல அப்டின்னேன். அங்க பனி பெய்யுமான்னான். பெய்யும்னேன்."

இன்னொன்றும் சொன்னான். வெயில் பட்டு லேசாக இளகும் பனி, குளம்புக்குள் ஏறி உருண்டையாகக் கட்டிக்கொள்ளுமாம். குதிரை நாலு பனி உருண்டைகளின் மேல் தள்ளாடிக்கொண்டு நிற்கும், மலைச்சரிவில் அப்படி ஒரு அடி தவறினால் ஆளும் குதிரையும் மிஞ்சாது. பனி நாடுகளில் எங்கும் உள்ள தொல்லை இது. குளம்படியில் கொழுப்போ கிரீஸோ தடவுவது பழைய வழி. இவன் போன புதிதில், யாரும் சொல்வதற்கு முன்பே, எண்ணெய் டப்பாவை எடுத்திருக்கிறான். குதிகாலிலிருந்து நுனி நோக்கிக் கொக்கியை இழுத்திருக்கிறான். ராயபுரத்துச் சந்தில் படித்த படிப்பு பதினோராயிரம் அடிக்கு மேலே ஒரு கணவாயில் பரீட்சை எழுதித் தேறியது. அவனைப் படிப்பு ஏறாதவன் என்று சொன்னவர்களை நினைத்து இன்றும் எனக்குக் கோபம்தான்.

வடசென்னை என்றதும் ரவுடி, குடிசை, புகை என்று எழுதுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். அங்கே தொழில் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்று எழுதுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கணுவைத் தடவி எந்த நரம்பில் வீக்கம் என்று சொல்கிறவர்கள், சங்குச் சத்தத்தில் மணி சொல்கிறவர்கள், திறந்த சேசிஸைத் தேசத்தின் மறு கோடிக்கு ஓட்டிப் போகிறவர்கள். இங்கே குதிரைக்கு இருந்த வேர் இன்னும் ஆழமானது. துறைமுகம் வருவதற்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து ராணுவத்துக்காக வந்த வேலர் குதிரைகள் சென்னைக் கரையில் இறங்கின. அவற்றை அடக்கி, ஆற்றி, ஓசூர் ராணுவக் குதிரைப் பண்ணைக்கு அனுப்பும்வரை பார்த்துக்கொண்ட கைகள் இந்தக் கரையின் கைகளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அவன் ஓய்வுபெற்று வந்து மணலிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டான். ஒரு மார்கழியில் இருவருமாகப் பழைய வழியில் அவனுடைய மோட்டார் சைக்கிளில் போனோம். சாலையில் கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் நிற்கின்றன. விம்கோ நகர் வரை 2021 முதல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. எர்ணாவூரில் நாங்கள் இறங்கிய மணல் இல்லை, அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் சுவர்கள் நீட்டியிருக்கிறார்கள். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலையில் கலந்து கழிமுகத்தைத் தூர்த்திருக்கிறது. செப்பாக்கம் பக்கம் சாம்பல் குளத்தை ஒட்டிய வேலிகளில் இலைகள் வெள்ளையாக நிற்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் முகத்துவாரத்துக் குப்பங்களின் படகுகளையும் வலைகளையும் நாசம் செய்தது. இறால் பிடிக்கும் பெண்கள் இன்னும் தண்ணீரில் இறங்குகிறார்கள். இறங்கினால் உடம்பு அரிக்கிறது என்றார்கள். சிட்டு இருந்திருந்தால் அந்தத் தண்ணீரில் அவளை நிறுத்தியிருக்கமாட்டேன் என்றான் அவன். மனிதர்களை நிறுத்தியிருக்கிறோம்.

திரும்பும்போது ராயபுரம் ஸ்டேஷனில் இறங்கினோம். தூண்கள் இருக்கின்றன, கட்டடத்தைப் புதுப்பித்துப் பாதுகாத்திருக்கிறார்கள். ஜட்கா நின்ற இடத்தில் அடையாளம் எதுவும் இல்லை. நைனா சேர்த்துவைத்திருந்த பொருள்களில் என் சிநேகிதனிடம் மிஞ்சியவை ஒரு சலங்கைப் பட்டை, லைசென்ஸ் எண் பொறித்த தகடு, ஒரு குளம்புக் கொக்கி. கொக்கியின் மரப்பிடி நைனாவின் கைக்குத் தேய்ந்து பள்ளமாகியிருக்கிறது.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் வீடுகளில் இதுபோல் எத்தனையோ பரணில் கிடக்கும். அப்பா, தாத்தா ஜட்கா ஓட்டியவர் என்றால், லாடம் அடித்தவர் என்றால், அந்தத் தகட்டையும் விளக்கையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். தொழில் தெரிந்த பெரியவர் இன்னும் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள். ரயில்வேயையும் மாநகராட்சியையும் கேட்டுக்கொள்வது இதுதான்: தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய அந்தக் கட்டடத்தில், ரயிலுக்காக வாசலில் காத்திருந்தவர்களுக்கும் ஓர் அறை ஒதுக்குங்கள். முதல் பொருளாக அந்தக் கொக்கியைத் தரத் தயார் என்று சிநேகிதன் சொல்லியிருக்கிறான்.